பூனையின் இடது பக்கம்

கதவைத் திறந்த தங்கை, "வா" என்று சொல்வதற்கு முன்பே "முதல்ல சாப்பிடு" என்றாள். வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த அக்காவின் கை அப்படியே நின்றது.

அந்த வீட்டில் அந்த இரண்டு சொற்களுக்கு ஒரு வரலாறு உண்டு. பதினோரு ஆண்டுகளுக்கு முன், வெளியூரில் வேலையாக இருந்த அக்காவுக்கு, அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, வந்துவிட்டுப் போ என்று தொலைபேசி வந்தது. எட்டு மணி நேரம் பேருந்தில் வந்து இறங்கினாள். தங்கை கதவைத் திறந்து, முதலில் சாப்பிடு என்று தட்டை வைத்தாள். நல்ல பசி. அக்கா சாப்பிட்டாள். இரண்டாவது முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். கை கழுவிவிட்டு வந்த பிறகுதான், அப்பா முந்தின நாள் மாலையே போய்விட்டார் என்று சொன்னார்கள். அப்பா போனதைக்கூட அவள் காலப்போக்கில் ஆற்றிக்கொண்டாள். கேட்டு வாங்கிச் சாப்பிட்டதை இன்னும் ஆற்றிக்கொள்ள முடியவில்லை.

"யாருக்கு என்ன ஆச்சு?" என்றாள் இப்போது.

"யாருக்கும் ஒண்ணும் ஆகல. ஆறு மாசம் கழிச்சு வர்ற, சாப்பிடச் சொன்னா குத்தமா?"

"மூட்டை எங்க?"

"உள்ள தூங்குது. எங்க ஓடிடப் போகுது?" தங்கையின் பார்வை, அக்காவின் கையிலிருந்த பூனைக் கூடையில் விழுந்தது. புதுக் கூடை, பிளாஸ்டிக் வாசனை இன்னும் போகவில்லை. ஒரு நாயையே அடைக்கலாம் போல அவ்வளவு பெரியது. "இது எதுக்கு?"

"பழசு உடைஞ்சிடுச்சு" என்று அக்கா சொன்னாள். அது உண்மைதான். முழு உண்மை இல்லை.

மூட்டை என்பது பூனை. ராக்டால் என்று அதன் இனத்துக்குப் பெயர்; கந்தல் துணியில் செய்த பொம்மை என்று பொருள். தூக்கினால் மற்ற பூனைகள் நகத்தை நீட்டும், நெளியும், தாவும். இந்த இனத்தில் பல பூனைகள் நான்கு காலையும் தலையையும் தொங்கவிட்டு, எலும்பே இல்லாதது போல் கையில் வழியும். மூட்டை அதில் முதல் வகுப்பு. ஏழு கிலோ. உடம்பெல்லாம் பாலாடை நிறத்தில் நீளமான, பட்டு போன்ற முடி. முகம், காது, பாதம், வால் மட்டும் அடுப்புக்கரி தடவியது போல. கழுத்தைச் சுற்றி ஒரு துண்டு போர்த்தியது மாதிரி அடர்ந்த முடி. வால் ஒட்டடைக் கோல். கண்கள் நீலம். மோதிரக் கல்லில் பார்க்கும் நீலம். பூனைக்கு அது கொஞ்சம் அதிகப்படி. உயரமான இடத்தில் ஏறி உட்கார்ந்து மனிதர்களை எடைபோடும் பழக்கம் அதற்குக் கிடையாது. தரையில், காலடியில், எந்த அறைக்குப் போனாலும் பின்னாலேயே வரும். அக்காவின் சாவிச் சத்தம் கேட்டால் வாசலுக்கு வந்து நிற்கும்.

இன்று வாசலுக்கு வரவில்லை.

அக்கா காப்பீட்டு நிறுவனத்தில் இழப்பு மதிப்பீட்டாளர். எரிந்த கடை, இடித்த கார், நனைந்த கிடங்கு என்று எதுவானாலும் நேரில் போய்ப் பார்த்து, சொல்வதெல்லாம் உண்மையா என்று எழுதிக் கொடுப்பவள். துறைமுக நகரம் ஒன்றில் வெள்ளம் வந்ததும் அங்கே அனுப்பினார்கள். மூன்று மாதம் என்றார்கள், ஆறு மாதம் ஆனது. தனியாக வாழ்பவள், மூட்டையைத் தங்கை வீட்டில் விட்டுப் போனாள். தங்கை தினமும் ஒரு படம் அனுப்பினாள். முதல் பத்து நாள் முழுப் பூனை தெரிந்தது. பிறகு நான்கு நாள் படமே இல்லை. கேட்டதற்கு போன் கெட்டுப்போச்சு என்றாள். அதன் பிறகு இரண்டு மாதம் வெறும் முகம். அதற்கும் பிறகு உடம்பு தெரிந்தது, ஆனால் எப்போதும் வலது பக்கம்.

இடுப்பளவு சேற்றில் நின்றுகொண்டு படத்தைப் பார்த்தபோது அக்காவுக்குச் சந்தேகம் எழவில்லை. ரயிலில் சும்மா உட்கார்ந்திருந்தபோது எழுந்தது. ஒரே பக்கத்தைக் காட்டும் படத்தின் பொருள் அவளுக்குத் தெரியும். காரின் நல்ல கதவை மட்டும் படமெடுத்து அனுப்புகிறவர்கள் வாரத்துக்கு நாலு பேர் அவளுக்கு வாய்த்தார்கள்.

மூட்டை செத்துவிட்டது. அதே சாயலில் வேறு பூனையைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். ரயில் பாதி வழி வருவதற்குள் அவள் மனதில் இது ஒரு வடிவத்துக்கு வந்துவிட்டது. அப்படி மட்டும் இருந்தால், இந்த முறை அழக்கூடாது, கத்தக்கூடாது. காலிக் கூடையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட வேண்டும், இந்த வீட்டுப் படியை மறுபடி மிதிக்கக்கூடாது என்று முடிவு செய்திருந்தாள்.

உள்ளறைக் கதவைத் திறந்ததும் குளிர் முகத்தில் அடித்தது. வெளியே வெயில் கொளுத்துகிறது. இந்த அறையில் ஏசி பதினெட்டில் ஓடிக்கொண்டிருந்தது. நாற்காலி முதுகில் கம்பளி ஸ்வெட்டர், அதன் முன்பக்கம் முழுக்க வெள்ளை முடி. சின்ன வயதில் மின்விசிறியை ஒன்றுக்கு மேல் வைத்தாலே போர்வையைச் சுற்றிக்கொண்டு அழுகிறவள் தங்கை. அவள் வீட்டில் ஏசி பதினெட்டில்.

கட்டில்மேல் ஒரு பெரிய பூனை படுத்திருந்தது. தலையைத் தூக்கி அக்காவைப் பார்த்தது. கண் நீலம்தான். முகம் கறுப்புதான். ஆனால் எழுந்து வரவில்லை. பார்த்துவிட்டு, அவளுக்குப் பின்னால் நின்ற தங்கையைப் பார்த்தது.

"மறந்துடுச்சா என்ன?" என்று அக்கா சிரிக்க முயன்றாள்.

"தூக்கக் கலக்கம்" என்றாள் தங்கை, கொஞ்சம் வேகமாக.

அக்கா குனிந்து இரு கைகளாலும் தூக்கினாள். வலது கை பூனையின் இடது விலாவில் பட்டதும் பூனை விறைத்தது. தொங்கவில்லை, வழியவில்லை. பின்னங்காலால் உதைத்துக் கட்டிலில் குதித்தது. குதித்தபோது முடி ஒதுங்கி, அவள் பார்த்தாள்: இடது விலாவில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறுப்புத் திட்டு. மூட்டைக்கு அங்கே கறுப்பு கிடையாது. நான்கு ஆண்டுகள் அந்த விலாவைச் சீவிவிட்டவள் அவள்தான்.

"இது என்ன?"

"எது?"

"இந்தக் கறுப்பு."

"வயசாகுதுல்ல? இந்த ஜாதிக்கு வயசாக ஆக நிறம் கூடுமாம்" என்றாள் தங்கை. சொல்லும்போது பூனையைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்தாள்.

தங்கை பள்ளிப் பாடப்புத்தகங்களுக்குப் படம் வரைபவள். மேசைமேல் எப்போதும் மைப் புட்டிகள் இருக்கும். தங்கை அடுக்களைக்குப் போன நேரம் பார்த்து, அக்கா கைக்குட்டையை நனைத்து அந்தத் திட்டைத் துடைத்துப் பார்த்தாள். சாயம் ஒட்டவில்லை. ஆக, பூச்சு இல்லை, பிறவி நிறம். மூட்டைக்கு இல்லாத பிறவி நிறம்.

இரண்டு சாட்சிகளைத் தனித்தனியே விசாரிக்க வேண்டும் என்பது அவளுடைய தொழிலில் பாலபாடம். இரண்டாம் சாட்சி பகல் சாப்பாட்டுக்கு வந்து சேர்ந்தார். தங்கையின் கணவர் லிஃப்ட் மெக்கானிக். மூன்று மாடி ஏறி வந்ததில் மூச்சு வாங்கினார்.

"வாங்கக்கா. லிஃப்ட்லயா வந்தீங்க, படியிலயா?"

"எங்க? அது நிக்குதே. ஊரெல்லாம் லிஃப்ட் ஓட வைக்கிறவர் வீட்டுலயே இப்படியா?"

"ரெண்டு மாசமாத்தான்க்கா. இந்தக் கட்டடம் எங்க கம்பெனி கணக்குல வராது."

"மூட்டை எப்படி இருந்துச்சு?"

"மூட்டைப்பூச்சியா? சூப்பரா இருக்கு. நல்லா சாப்பிடுது. ரொம்ப நல்லா சாப்பிடுதுக்கா. தானாவே சாப்பிடுது."

"தானா சாப்பிடாம பின்ன?"

"கை கழுவிட்டு வந்துடறேன்" என்று போனவர், இரண்டு கைக்கு எவ்வளவு தண்ணீர் தேவையோ அதைப் போல ஐந்து மடங்கு செலவழித்தார்.

அக்கா அடுக்களைக்குப் போனாள். பாத்திரம் கவிழ்க்கும் தட்டில், கரண்டிகளுக்கு நடுவில், ஊசி இல்லாத பெரிய ஊசிக்குழாய் ஒன்று நின்றது.

"இது எதுக்கு?"

"மை நிரப்ப" என்றாள் தங்கை, திரும்பிப் பார்க்காமல்.

அக்கா எடுத்து முகர்ந்தாள். மை வாசனை இல்லை. லேசாகப் பழைய மீன் வாசனை. இருந்த இடத்திலேயே வைத்தாள். பொய் சொல்லத் தெரியாதவர்கள் ஒரு பொய்யோடு நிறுத்துவதில்லை என்பதை எத்தனையோ எரிந்த கடைகளின் முன்னால் நின்று கற்றிருக்கிறாள். அப்போதெல்லாம் அவளுக்குக் கோபம் வந்ததில்லை. இன்று காது மடல் சுட்டது.

"மூட்டைக்கு நகம் வளர்ந்திருக்கு. டாக்டர்கிட்ட காட்டிட்டு வந்துடறேன்."

தங்கை கரண்டியைக் கீழே வைத்தாள். "நானும் வரேன்."

"எதுக்கு? ரெண்டு தெரு."

"அப்ப சாப்பிட்டுட்டுப் போயேன்."

"வந்து சாப்பிடறேன்."

"நகம் வெட்டவா அவ்வளவு பெரிய கூடை?" என்று தங்கை கேட்டாள். அவள் குரலிலும் ஏதோ ஒன்று இருந்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்பாவின் மூக்கு இருவருக்கும் வாய்த்திருந்தது, மோப்பமும் அப்படியே.

பூனையைக் கூடையில் வைத்தது தங்கைதான். அவள் தூக்கியபோது அது தொங்கியதா, விறைத்ததா என்று அக்காவுக்குத் தெரியவில்லை. தங்கையின் முதுகு மறைத்துவிட்டது.

கால்நடை மருத்துவர் குட்டியிலிருந்தே மூட்டையைப் பார்த்து வருகிறவர். முன்னால் ஒரு கிளியும் இரண்டு நாய்களும் காத்திருந்தன. முறை வந்ததும் அக்கா கூடையை மேசைமேல் வைத்து, கைப்பையிலிருந்து பழைய தடுப்பூசிப் புத்தகத்தை எடுத்தாள். மூட்டையின் கழுத்துத் தோலுக்கடியில் அரிசி அளவில் ஒரு சில்லு உண்டு. அதன் பதினைந்து இலக்க எண் புத்தகத்தின் முதல் பக்கத்தில் இருந்தது.

"டாக்டர், இந்த நம்பர்தானான்னு பாத்துச் சொல்லுங்க."

மருத்துவர் ஒரு முறை அவளைப் பார்த்தார், கருவியைக் கழுத்தருகே நீட்டினார். பீப் என்றது. எண்ணை ஒவ்வொன்றாகப் படித்தார். அக்கா விரல் வைத்துச் சரிபார்த்தாள். பதினைந்தும் பொருந்தின.

ஆனாலும் கேட்டாள்: "இந்தச் சில்லை ஒரு பூனைகிட்ட இருந்து எடுத்து இன்னொண்ணுக்கு வைக்க முடியுமா?"

மருத்துவர் கண்ணாடியைக் கழற்றினார். "நீங்க என்ன வேலை பாக்கறீங்க?"

"இன்சூரன்ஸ்."

"அதானே பாத்தேன். அம்மா, இது உங்க மூட்டைதான். சந்தேகமே வேண்டாம். தங்கச்சி உங்ககிட்ட ஒண்ணும் சொல்லலையா?"

"என்ன சொல்லணும்?"

மருத்துவர் பூனையின் இடது விலாவில் முடியை விரலால் பிரித்தார். கறுப்பு முடிக்கு நடுவில், சட்டைப் பொத்தான் அளவுக்கு வட்டமாக ஒரு தழும்பு. சுற்றியிருந்த முடி மற்ற இடத்தைவிடக் குட்டையாக, நேர்க்கோட்டில் முடிந்தது.

"குழாய் போட்ட இடம். நீங்க போனதும் இது சாப்பாட்டை நிறுத்திடுச்சு. இந்த ஜாதில சிலதுக்கு அந்தக் குணம் உண்டு, ஒரு ஆள் மேலயே உயிரை வைக்கும். குண்டுப் பூனை பட்டினி கிடந்தா கொழுப்பெல்லாம் ஈரல்ல போய் அடைச்சிடும். பதினோராம் நாள் தூக்கிட்டு வந்தாங்க. கண்ணு வெள்ளையெல்லாம் மஞ்சள். நான் பெரிசா நம்பிக்கை கொடுக்கல. விலாவுல சிரைச்சு, நேரா வயித்துக்குக் குழாய் போட்டோம். நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை அரைச்ச மீனை ஊசிக்குழாய்ல ஏத்தணும். நாப்பத்தெட்டு நாள் ஏத்தினாங்க."

"அந்தக் கறுப்பு?"

"அதுவா? முகம், காது, காலு, வாலு இதெல்லாம் ஏன் கறுப்புன்னு நினைக்கிறீங்க? உடம்புல சூடு குறைஞ்ச இடம் அதெல்லாம். இதுக்குக் குளிர்ந்த தோல்ல முளைக்கிற முடி கறுக்கும், சூடான தோல்ல வெளுக்கும். கட்டுக்குள்ள புழுங்கினா கடிச்சுப் பிச்சிடும், ரெண்டு வாரம் அறையைக் குளிர்ச்சியா வைங்கன்னு நான்தான் சொன்னேன். உங்க தங்கச்சி அன்னைக்குப் போட்ட ஏசியை இன்னும் அணைக்கலையாமே? கூடவே உக்காந்து படம் வரையறாங்களாம். சிரைச்ச இடத்துல முடி அந்தக் குளிர்ல முளைச்சிருக்கு." மருத்துவர் திட்டைத் தடவினார். "வெயில் ஊர்ல வச்சா அடுத்த தடவை முடி கொட்டி முளைக்கும்போது பழையபடி ஆயிடும். உங்களுக்குப் போன் பண்ணுங்கன்னு அப்பவே சொன்னேன். அக்கா தண்ணில நிக்கறா டாக்டர்னு சொன்னாங்க."

திரும்பும்போது இரண்டு தெருவும் நீளமாக இருந்தன. மூட்டை உயிரோடு கனத்தது. அந்தக் கனம் முதல் தெரு முழுக்க அவளுக்கு இனித்தது. இரண்டாம் தெருவில் கோபம் வந்தது. மூன்று மாடி ஏறும்போது, கோபத்துக்கும் அடியில், நாற்காலி முதுகில் பார்த்த ஸ்வெட்டர் வந்து உட்கார்ந்துகொண்டது. அதைத் தள்ளவும் முடியவில்லை, ஏற்கவும் முடியவில்லை.

கதவு திறந்தே இருந்தது. மேசைமேல் தட்டு போட்டு மூடியிருந்தது. தங்கை நின்றுகொண்டிருந்தாள், கணவர் செய்தித்தாளைப் பிடித்திருந்தார், படிக்கவில்லை.

"டாக்டர் சொல்லிட்டாரா?" என்றாள் தங்கை.

"நீ ஏன் சொல்லல?"

"சொன்னா வேலையை விட்டுட்டு ஓடி வந்திருப்ப."

"வந்திருப்பேன்."

"வந்து? என்னாலதான் சாப்பிடலன்னு உக்காந்து அழுதிருப்ப. அது செத்திருந்தா காலம் பூரா அதையே சொல்லிட்டிருந்திருப்ப."

"அது என் அழுகை. அதை நீ எதுக்கு அலமாரில பூட்டி வைக்கிற?"

கூடைக்குள்ளிருந்து மூட்டை மெல்லக் குரல் கொடுத்தது. அந்த இனத்துக்கே உள்ள, உடம்பளவுக்குப் பொருந்தாத சின்னக் குரல்.

"நான் என்ன நினைச்சேன் தெரியுமா?" என்றாள் அக்கா. "அது செத்துடுச்சு, வேற பூனையை வாங்கி வச்சிருக்கன்னு நினைச்சேன். கைக்குட்டையால துடைச்செல்லாம் பாத்தேன்."

"துடைச்சியா?" தங்கையின் முகம் சுருங்கியது. "என்னை அவ்வளவு மோசமாவா நினைச்ச?"

"நீ என்னை அப்படி நினைக்க வச்ச. பதினோரு வருஷமா வச்சிருக்க. பூனை பொழைச்சதால நீ செஞ்சது சரின்னு ஆயிடாது."

"ஆகாது" என்றாள் தங்கை. பிறகு, "அப்பா விஷயமும் சரியில்லதான்" என்றாள். இதை அவள் சொல்வது இதுவே முதல் முறை. செய்தித்தாள் ஒரு முறை சலசலத்து அடங்கியது.

"நாப்பத்தெட்டு நாள்" என்றாள் அக்கா. "அந்தக் குளிர்ல."

"மூக்கு மரத்தே போச்சு. சரி, இப்ப நீ சொல்லு. அவ்வளவு பெரிய கூடை எதுக்கு? நீ வந்ததுல இருந்து நானும் பாத்துட்டுதான் இருக்கேன். கையில சின்னப் பை. போகும்போது கொண்டுபோன பெட்டி ரெண்டும் காணோம்."

அக்கா கூடையைத் தரையில் வைத்தாள். "அங்கயே மாத்தல் போட்டுட்டாங்க. ரெண்டு வருஷம். மூட்டையைக் கூட்டிட்டுப் போகத்தான் வந்தேன். நாளைக்குக் காலைல ரயில்."

"இதை எப்ப சொல்லலாம்னு இருந்த?"

அக்கா மேசையைப் பார்த்தாள். மூடி வைத்த தட்டைப் பார்த்தாள்.

"சாப்பிட்டதுக்கு அப்புறம்."

முதலில் சிரித்தது செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்தவர். தங்கை அவரை முறைத்தாள். முறைப்பு பாதியிலேயே உடைந்துவிட்டது. கூடையைத் திறந்து குனிந்தாள். இடது பக்கம் கை படாமல், மார்புக்கு அடியில் ஒரு கையும் பின்னங்கால்களுக்கு அடியில் ஒரு கையுமாகத் தூக்கினாள். மூட்டை நான்கு காலையும் தலையையும் தொங்கவிட்டு, அவள் முழங்கையில் வழிந்தது.

"இப்படித் தூக்கணும். அந்த இடத்துல கையை வச்சுத் தூக்கினா ஊசிக்குழாய் வருதுன்னு நினைச்சுக்கும்" என்றாள். பிறகு, வேறு குரலில், "இப்ப என்கிட்ட இருந்து எடுத்துட்டுப் போனா, மறுபடி சாப்பாட்டை நிறுத்திட்டா?" என்றாள்.

அக்கா அதை யோசித்திருக்கவில்லை. வாசலுக்கு வராத பூனை, அவளைத் தாண்டித் தங்கையைப் பார்த்த அந்தப் பார்வை எல்லாம் இப்போதுதான் அவளுக்கு வேறு வரிசையில் அமைந்தன. மூட்டை அவளை மறக்கவில்லை. பட்டினி கிடந்து பார்த்துவிட்டு, பிறகு இன்னொரு ஆளை வைத்துக்கொண்டது.

"நாளைக்கு ரயில் வேண்டாம்" என்றாள். "அடுத்த வாரம் போகலாம். நீயும் வா. ஒரு மாசம் இரு. அது என்கிட்ட சாப்பிட ஆரம்பிச்சதும் கிளம்பு."

"என் வேலை?"

"படம்தானே, அங்க உக்காந்து வரை. ஆனா ஒண்ணு. அந்த ஊர் பயங்கர வெக்கை. வீட்டுல ஏசி கிடையாது."

"அப்பாடா" என்றாள் தங்கை.

அக்கா போனை எடுத்தாள். "அப்படியே திரும்பு. இல்ல, அந்தப் பக்கம்." தங்கையின் கையில் தொங்கிய மூட்டையின் இடது விலாவை, முடியை ஒதுக்கிப் பிடித்து, கறுப்புத் திட்டு முழுதாகத் தெரியும்படி ஒரு படம் எடுத்தாள். அருகில் போய் இன்னொன்று. அந்த ஊர் வெயிலில் எப்படியும் அது வெளுத்துவிடும்.

பிறகு மேசை முன் உட்கார்ந்தாள். தட்டின் மூடியில் கையை வைத்தாள், திறக்கவில்லை.

"வேற ஏதாவது இருக்கா? இருந்தா இப்பவே சொல்லிடுங்க."

தங்கை கணவரைப் பார்த்தாள். அவர் தொண்டையைச் செருமினார்.

"லிஃப்ட் நின்னு ரெண்டு மாசம் இல்லக்கா. நாலு."

அக்கா அவரைச் சற்று நேரம் உற்றுப் பார்த்தாள். பிறகு மூடியைத் திறந்தாள்.